கர்த்தர் ஆயத்தப்படுத்துகிறார் என்றால், தாமதப்படுத்துவது யார்?

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 35 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா பணி ஓய்வு பெற்றவர். தங்கைக்குத் திருமணமாகி இரண்டு பிள்ளைகள். எனக்குத் திருமணம் ஆகவில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் ‘அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார்’ என்ற வசனம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதன் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு சம்பந்தம் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கும் அளவுக்கு வந்து பவுன் கணக்கில் நின்றுபோனது. இன்னொன்றில் அவருக்கும் என்னைப் பிடித்தது, எனக்கும் அவரைப் பிடித்தது. அவர்கள் பெந்தெகொஸ்தே சபை என்று சொல்லி அப்பா மறுத்துவிட்டார். உண்மையான காரணம் சபை அல்ல, சாதி. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. ‘நம் ஆட்கள் இல்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தங்கையின் திருமணத்துக்கு நான்தான் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தேன். இன்றுவரை சம்பளத்தில் பிடித்தம் ஆகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு முடித்துவிட்டார்களே என்று ஊர் பேசியதுதான் வலித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஊழியக்காரர் ஒருவர் என் தலையில் கைவைத்து, இந்த வருஷம் முடிவதற்குள் எனக்கு மணமாலை உண்டு என்று சொன்னார். அம்மா அதை அப்படியே நம்பி மண்டபத்துக்கு வாடகைகூட விசாரித்துவிட்டார்கள். அந்த வருஷம் முடிந்தது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மறுபடியும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ கர்த்தர் கொடுப்பார் என்கிற எரேமியா 29:11 வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்ததும் அதே வசனம்தான்.

எங்கள் சபையில் எல்லோரும் நல்லவர்கள். ‘கர்த்தர் உன்னை ஆயத்தப்படுத்துகிறார்’ என்பார்கள். ‘குயவன் கையில் களிமண்ணைப்போல உன்னை வனைகிறார்’ என்பார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அம்மா, ‘இன்னும் உன்னிடத்தில் அவர் ஏதோ ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அதை ஒப்புக்கொடுத்துவிடு’ என்றார். அன்றிலிருந்து அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன். மாணவர்களிடம் கோபப்பட்டதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்து மன்னிப்புக் கேட்கிறேன். எந்தப் படியில் தவறு என்று தெரியாமல் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பதவி உயர்வு தருவதாகச் சொன்னார்கள். திருமணம் எந்த ஊரில் அமையுமோ என்று மறுத்துவிட்டேன். ஸ்கூட்டர் வாங்கவில்லை. வாங்கிய நல்ல பாத்திரங்கள் அட்டைப் பெட்டியிலேயே இருக்கின்றன. எல்லாமே ‘பிறகு’தான்.

இப்போது கொஞ்ச நாளாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டேன். சாப்பாட்டில் ருசி இல்லை. சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் என்ன என்று சில நாட்களில் தோன்றுகிறது. கர்த்தர்மேல் கோபம் வருகிறது; உடனே பயமும் வருகிறது.

அவர் என்னை ஆயத்தப்படுத்துகிறார் என்று நான் எப்படி நம்புவது? எதற்கு ஆயத்தம்? நான் இன்னும் எதில் குறைவாக இருக்கிறேன்? மே மாதம் சித்தி மகளுக்குத் திருமணம். அதற்குப் போகாமல் இருந்துவிட்டால் தவறா?

இப்படிக்கு,
கர்த்தருக்குள் ஒரு சகோதரி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். காலையில் எழுந்திருக்காமல் போய்விட்டால் என்ன என்று தோன்றுவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. விடியுமுன் விழிப்பு, ருசியின்மை, விருப்பமாகச் செய்துவந்த பாட்டைக் கைவிட்டது, இந்த எண்ணம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்த அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பொதுவிதி. நீங்கள் ‘கொஞ்ச நாளாக’ என்கிறீர்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. அந்த எண்ணம் வலுத்தால், இரவு எந்த நேரமானாலும், 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இது விசுவாசக் குறைவா என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்கும். எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கப் பார்த்த அதே மனிதர், அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறார். வந்த தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எங்கே தவறினாய் என்ற விசாரணை அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை உபவாசத்தை உடல் தேறும்வரை நிறுத்திவையுங்கள். அந்த நோட்டையும் மூடிவையுங்கள்.

இனி, நீங்கள் எதில் குறைவாக இருக்கிறீர்கள் என்ற கேள்வி. ஆயத்தம் முடிந்தவர்களுக்குத்தான் கர்த்தர் திருமணத்தைத் தருகிறார் என்றால், உங்களுக்கு முன்னால் மணமுடித்த உங்கள் தங்கை உங்களைவிட ஆயத்தமாகிவிட்டவரா? அப்படி யாராவது சொன்னார்களா? உங்கள் ஊரில் 22 வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்ட பையன்கள் எல்லோரும் குயவன் கையில் வனைந்து முடிந்தவர்களா? என்னிடம் வரும் தம்பதிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அம்மா: திருமணம் தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அல்ல. தேறாமலே மேடை ஏறியவர்கள்தான் ஏராளம். உங்களிடம் ஒரு குறை இருப்பதாகச் சொன்ன அந்த அம்மாவிடம், அது என்ன என்று ஒரு முறை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் தெரியாது.

பிறகு ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? 1960களில் மெல்வின் லேர்னர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தார். ஒருவர் காரணமில்லாமல் துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மனிதர்களுக்குப் பெரிய சங்கடம். உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பினால்தான் நமக்குத் தூக்கம் வரும். ஆகவே துன்பப்படுபவரிடமே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து நம் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். யோபு எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்டபோது அவருடைய நண்பர்கள் செய்ததும் இதுதான். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் யோபின் பாவத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் புத்தகத்தின் கடைசியில் கர்த்தர் கோபப்படுவது யோபின்மேல் அல்ல, அவர்கள்மேல். தம்மைப்பற்றி அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். இத்தனைக்கும் அதிகாரம் அதிகாரமாகக் கத்தியவர் யோபுதான். உங்கள் கோபத்தைக் குறித்த பயத்துக்கு இதற்குமேல் நான் என்ன சொல்ல?

காத்திருப்பு என்றதும் நம் சபைகளில் யோசேப்பைத்தான் அழைத்து வருவார்கள். அழைத்து வரட்டும். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். 17 வயதுப் பையன், 30 வயதில் எகிப்து ராஜாவான பார்வோனுக்கு முன்னால் நின்றான், நடுவில் நடந்ததெல்லாம் ஆயத்தம் என்று முடித்துவிடுவார்கள். அந்த நடுப்பகுதியை நீங்களே நிதானமாக வாசியுங்கள். அண்ணன்மார் குழியில் போட்டபோது அவன் பேசாமல் கிடக்கவில்லை, அழுது கெஞ்சினான். பல ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய அண்ணன்மாரே அதைச் சொல்லிக்கொள்கிறார்கள், ஆதியாகமம் 42இல். சிறையில் பானபாத்திரக்காரனின் சொப்பனத்துக்கு அர்த்தம் சொன்ன கையோடு, ‘என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் சொல்லி என்னை வெளியே எடு’ என்று கேட்கிறான். ‘என்னை இங்கே அடைக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை’ என்றும் சேர்த்துச் சொல்கிறான். கர்த்தர் குறித்த வேளை வரட்டும் என்று அவன் கைகட்டி இருக்கவில்லை. தனக்கு நடந்தது அநியாயம் என்று தெளிவாகத் தெரிந்தவனாக, வெளியே வர வழி தேடிக்கொண்டே, சிறைச்சாலையின் வேலைகளையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பானபாத்திரக்காரனோ அவனை மறந்துபோனான். மறந்தது மனிதன். அந்த மறதிக்கு இரண்டு வருஷம்.

சங்கீதம் 105 கர்த்தருடைய வசனம் யோசேப்பைப் புடமிட்டது என்று சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எல்லாம் முடிந்து தலைமுறைகள் கடந்தபின் பாடப்பட்ட பாட்டு. ‘தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ என்று சொன்னவனும் யோசேப்பு மட்டுமே. அதையும் தன் அண்ணன்மாருக்குச் சோறு போட்ட பிறகு சொன்னான். குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, ‘தம்பி, கர்த்தர் உன்னை ஆயத்தப்படுத்துகிறார்’ என்று அண்ணன் யூதா சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதே வாக்கியம்தான். சொல்லும் ஆளும் நேரமும் மாறினால் அது அக்கிரமத்துக்குப் போடும் திரையாகிவிடுகிறது. சம்பவங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தைப்பற்றி ஆதியாகமம் 39 சொல்வதெல்லாம், கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்பதுதான். போத்திபாரின் வீட்டிலும் அப்படியே, சிறையிலும் அப்படியே. அவன் அங்கே செய்த நிர்வாகம் பிற்பாடு ஏழு வருஷத் தானியத்தைச் சேமிக்க உதவியது என்பது நமக்குத் தெரியும்; அவனுக்குத் தெரியாது. இன்றைக்கு என்ன உபயோகம் என்று தெரியாத ஒரு நாளை, அவர் கூட இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒழுங்காக வாழ்வது. நீங்கள் கேட்ட நம்பிக்கைக்கு வேதத்தில் நான் காண்கிற வடிவம் அது. எதற்கு ஆயத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் அவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

எச்சரிக்கை என்றதும் அந்தக் கன்வென்ஷன் நினைவுக்கு வருகிறது. உங்கள் அட்டையில் வந்த எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அங்கே 70 வருஷம் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். அதற்கும் முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தருடைய பேரில் சொன்னான். அவன் சொன்னது பொய் என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார். வருஷம் குறித்துக் கொடுப்பவர்கள் அன்றும் இருந்தார்கள்! அந்தக் கடிதத்தில் எரேமியா என்ன செய்யச் சொல்கிறார்? வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. உங்கள் நல்ல பாத்திரங்களை இன்றைக்கே வெளியே எடுத்துச் சமையுங்கள். அந்தப் பதவி உயர்வு இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இப்போது அப்பாவிடம் வருவோம். உங்கள் கடிதத்தை நான் இரண்டு நிறப் பேனாக்களோடு வாசித்தேன். கர்த்தரின் கையில் இருப்பது எது, மனிதர் கையில் இருப்பது எது என்று குறித்துக்கொண்டே போனேன். பவுன் கணக்கில் நின்றது கர்த்தரின் கால அட்டவணையால் அல்ல. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைக் கேட்டவர்கள் போனதில் நஷ்டம் இல்லை. அடுத்தது, ‘நம் ஆட்கள் இல்லை’. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அன்றிலிருந்து 190 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நற்கருணைப் பந்தியில் ஒன்றாக முழங்கால்படியிடுகிறோம், சம்பந்தம் என்றால் எழுந்துவிடுகிறோம். இந்தத் தாமதத்தையும் கர்த்தரின் பேரில் எழுதிவிடலாமா? உங்கள் அப்பாவின் ‘இல்லை’யை நீங்கள் கர்த்தரின் ‘இல்லை’யாக எடுத்துக்கொண்டு, கர்த்தர் ஏன் மறுக்கிறார் என்று உங்களுக்குள்ளே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். சங்கடமான கேள்விதான். நீங்கள் போய்விட்டால் வீட்டுச் செலவும் கடன் தவணையும் என்னவாகும் என்ற பயம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? நான் உங்கள் பெற்றோரைக் குற்றம் சாட்டவில்லை. பாசமுள்ள பெற்றோரே தங்களை அறியாமல் வருகிற ஒவ்வொரு வரனிலும் ஒரு குறை கண்டுபிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பயம் இருந்தால் அதை வெளியே எடுத்துப் பேசித் தீர்ப்பது கடினமல்ல. சம்பளத்தில் இவ்வளவு தொடர்ந்து தருவேன் என்று சொல்லிவிடலாம். சொல்லாமல் மனத்தில் வைத்திருப்பதுதான் ஆளைக் கொல்லும்.

பேசும்போது தனியாகப் போய் நிற்காதீர்கள். அப்பா மதிக்கிற ஒருவர் உடன் இருக்கட்டும். தாய்மாமா இருந்தால் நல்லது. சேகர குரு திறந்த மனதுள்ளவர் என்றால் அவரும் வரலாம். அழுகையும் குற்றச்சாட்டும் இல்லாமல் சொல்லுங்கள்: ‘அப்பா, நான் திருமணம் செய்ய விரும்புகிறேன். பவுன் கேட்கிற இடம் வேண்டாம். விசுவாசமும் குணமும் பொருந்தினால் எந்தச் சபை, எந்த ஊர், எந்த ஆட்கள் என்றாலும் எனக்குச் சம்மதம். இனி நானும் தேடப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன்.’ அவர் கோபித்தால் அதற்குள் பதில் சொல்லப் போகாதீர்கள். சில வாரம் விட்டு மறுபடி பேசுங்கள். ஈசாக்குக்குப் பெண் தேடிய ஊழியக்காரன் கிணற்றடியில் ஜெபித்தான் என்பதைப் பிரசங்கிப்போம். பத்து ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டுத்தான் ஜெபித்தான். ரெபெக்காளின் வீட்டாரும் பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயால் கேட்டார்கள். அவள் ‘போகிறேன்’ என்றாள்.

நீங்கள் இவ்வளவு களைத்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் தெரியும் பாறைகளுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதியாக இருந்தபோதுதான் அவர்களுடைய பதற்றம் உச்சத்தில் இருந்தது. நீங்கள் ஆண்டுக்கணக்காக அந்தச் சரிபாதியில் நிற்கிறீர்கள். எல்லா நிச்சயமின்மையையும் நம்மால் போக்க முடியாது. போக்கக்கூடியவற்றைப் போக்கிவிடலாம்: பதவி, வண்டி, அப்பாவோடு பேச்சு.

ஜெபத்தைப்பற்றிச் சுருக்கமாக. திருமணத்துக்கான ஜெபத்துக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி விழிப்பில் செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் ஜெபம் என்று நினைத்துக்கொண்டு நாம் செய்வது பெரும்பாலும் கவலையைத் திரும்பத் திரும்ப மெல்லுவதுதான். கோபம் வந்தால் சங்கீதம் 13 இருக்கிறது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்கி, இரண்டே வசனத்தில் தாவீது நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார். அதை உரக்க வாசியுங்கள். பிள்ளை வேண்டி அன்னாள் ஆலயத்தில் தன் இருதயத்தை ஊற்றியபோது ஆசாரியனே அவளைக் குடிகாரி என்று நினைத்தான். அதற்காக அவள் பாதியில் நிறுத்தவில்லை.

ஒருவேளை திருமணமே அமையாமல் போனால் என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை. குழந்தையைப்பற்றியும் எழுதவில்லை. இரண்டும் அந்த மூன்று மணி விழிப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன். அமையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அப்படி வசனம் இல்லை. எபிரெயர் 11 விசுவாச வீரர்களின் பட்டியலைச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்றே முடிக்கிறது. கையில் வராத ஒன்றை இழப்பது விசித்திரமான துக்கம். சாவு வீடு இல்லை, துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், காணாமற்போனவர்களின் குடும்பங்களில் இதைக் கண்டு, தெளிவில்லாத இழப்பு என்று பெயரிட்டார். இதைக் குறித்து அழுவது நம்பிக்கையை விட்டுவிடுவது ஆகாது. நம்பிக்கையான ஒரு தோழியிடம் அழுங்கள்.

இந்த இடத்தில் யாராவது உங்களுக்கு டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையாரை உதாரணம் காட்டியிருப்பார்கள். திருமணமாகாத பெண் என்றாலே நம் பக்கத்தில் அவரைத்தான் கையில் கொடுப்பார்கள்! அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் உங்களுக்கு ஆறுதல் பரிசாக வர வேண்டியவர் அல்ல. 1931இல் விழுந்து காயப்பட்ட பிறகு, 1951இல் மறையும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். சுகத்துக்காக ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளைப் பார்த்தார். அந்த வலிக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து முடித்துவிட்டு அவர் எழுத உட்காரவில்லை. அவரிடமிருந்து எடுக்க ஏதாவது உண்டென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சித்தி மகள் திருமணம். போகாமல் இருந்தால் பாவமில்லை. ஆனால் போனால் நல்லது என்று நினைக்கிறேன். அந்தப் பெண் உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ‘சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்’ என்பதை உங்களிடம் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ‘அழுகிறவர்களுடனே அழுங்கள்’ என்ற அடுத்த பாதியை அவர்களுக்கு வாசித்துக்காட்ட ஆளில்லை. ஆகவே உங்கள் பங்கை அளவாக வைத்துக்கொள்ளலாம். ஆலய ஆராதனையில் இருந்து பாடுங்கள். மண்டபத்து விருந்துக்குப் போவதா என்பதை அன்றைய மனநிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சித்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘உனக்கு எப்போது’ என்று கேட்கிற அத்தைக்கு, ‘ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அத்தை, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். பிறகு பேச்சு உங்கள் பக்கம் திரும்பாது.

வீட்டார் ஏற்பாடு செய்கிற வேனில் போகாதீர்கள். அது கிளம்பும்வரை நீங்கள் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். சொந்த ஸ்கூட்டரில் போனால் நினைத்த நேரத்தில் புறப்படலாம். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் உரிமத் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்